வரிப்பணமும் வகுப்பறையும்: வாசகர் கேள்வி பதில்

காலனி ஆட்சிக் காலத்தில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்கு அரசுப் பணம் கேட்டவர்கள் யார், எப்படிக் கேட்டார்கள், கேட்டது கிடைத்ததா? இந்தப் பொருளில் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் கல்வி வரலாற்றுக் குழுவின் பதில்களும் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: கருப்பினப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்காகக் காலனி அரசிடம் நேரடியாக மனுக் கொடுத்ததுண்டா? முதுகலை ஆய்வேட்டுக்கு ஓர் உறுதியான எடுத்துக்காட்டு தேவை.
*— கல்லூரி மாணவி, தாம்பரம்*

பதில்: உண்டு. இன்றைய கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இருக்கும் ஹாமில்டன், 1843இல் பிரிட்டிஷ் காலனியின் சிறு நகரம். அமெரிக்காவின் அடிமை முறைக்கும் நிறவெறிக்கும் தப்பி வந்த கருப்பினக் குடும்பங்கள் அங்கே குடியேறியிருந்தன. உள்ளூர்ப் பள்ளிகள் அவர்களுடைய பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தன. அந்த ஆண்டு அக்டோபரில் அவர்கள் கவர்னர் ஜெனரல் சார்லஸ் மெட்காஃபுக்கு ஒரு மனு எழுதினார்கள். இந்தியாவில் பத்திரிகைகள் மீதிருந்த கட்டுப்பாட்டை 1835இல் நீக்கிய அதே மெட்காஃப்தான் இவர். கனடாவுக்கு வருமுன் ஜமைக்காவில் கவர்னராகவும் இருந்தவர்.

மனு மிகச் சிறியது. அதன் கட்டமைப்பை ஆய்வேட்டில் தனியாக அலசுங்கள், அவ்வளவு நேர்த்தி அதில் இருக்கிறது. முதலில், நாங்கள் வரி கட்டியிருக்கிறோம், ஆனால் பொதுப் பள்ளி எங்களுக்கு மறுக்கப்படுகிறது என்று சொல்கிறார்கள். அடுத்து, நகர நிர்வாகக் குழுவிடம் ஏற்கெனவே முறையிட்டோம், எந்த நடவடிக்கையும் இல்லை என்கிறார்கள். கடைசியாக, பிரிட்டிஷ் கொடியின் கீழ் நிறத்தை வைத்து மனிதரைப் பிரிக்க மாட்டார்கள் என்று நம்பித்தான் இங்கே வந்தோம் என்கிறார்கள். பிச்சை கேட்கும் தொனி எங்குமே இல்லை. கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்கிறார்கள்.

இரண்டாவது பகுதியைக் கவனியுங்கள். கீழ் அலுவலகத்தில் கேட்டாயிற்று என்று எழுதாமல் மேலிடத்துக்குப் போகும் மனு, “உரிய அலுவலரை அணுகவும்” என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்துவிடும். காலனி அலுவலகங்களில் இது எழுதாத சட்டம். ஹாமில்டன்காரர்கள் அந்த வழியை முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள். கவர்னர் ஜெனரலின் அலுவலகம் நகர நிர்வாகக் குழுவிடம் விளக்கம் கேட்டது. பிள்ளைகளைத் தடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதை நகர நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கதை அதோடு முடியவில்லை. 1850இல் வந்த பள்ளிச் சட்டம், ஓரிடத்தில் வசிக்கும் பன்னிரண்டு குடும்பத் தலைவர்கள் எழுதிக் கேட்டால் கருப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி அமைக்கலாம் என்றது. படித்தால் சலுகை போலத் தெரியும். நடைமுறையில் வெள்ளையர் பள்ளிக் குழுக்கள் அதைத் தடையாக்கிக்கொண்டன. தனிப் பள்ளி இருக்கிறதே, அங்கே போ என்றன. தனிப் பள்ளி மைல் கணக்கில் தள்ளி இருந்தாலும் இதே பதில்தான்.

1853இல் கேம்டன் ஊர்ப் பள்ளிக் குழுவுக்கு எதிராக டென்னிஸ் ஹில் என்ற கருப்பின விவசாயி தொடுத்த வழக்கில், தனிப் பள்ளி அமைக்கப்பட்ட இடத்தில் பொதுப் பள்ளியில் இடம் கோர முடியாது என்று தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டு சார்லட்வில் வழக்கில், தனிப் பள்ளியே இல்லாத இடத்தில் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், பெயருக்கு ஒரு தனிப் பள்ளி எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும். அந்தச் சட்டப் பிரிவு ஒன்டாரியோவில் 1964 வரை ஏட்டில் இருந்தது. கடைசித் தனிப் பள்ளி 1965இல்தான் மூடப்பட்டது.

பணக் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். மாகாண மானியத்துக்கு ஈடாக உள்ளூர் வரியும் சேர வேண்டும், பங்கீடு பிள்ளைகளின் வருகையைப் பொறுத்தது. பத்துப் பதினைந்து பிள்ளைகள் படிக்கும் தனிப் பள்ளிக்கு அந்தக் கணக்கில் வரும் தொகை ஓர் ஆசிரியர் சம்பளத்துக்கும் காணாது. சம்பளம் நிற்கும், ஆசிரியர் போய்விடுவார், வருகை குறையும், அடுத்த ஆண்டின் பங்கு இன்னும் சுருங்கும்.

கேள்வி: அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டிஷ் நாடாளுமன்றமே கருப்பினக் குழந்தைகளின் கல்விக்குப் பெருந்தொகை ஒதுக்கியதாகப் படித்தேன். பிறகு ஏன் மேற்கிந்தியத் தீவுகளில் பள்ளிகள் அவ்வளவு மோசமாக இருந்தன?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பத்தூர்*

பதில்: ஒதுக்கியது உண்மை. “பெருந்தொகை” என்பதைத்தான் உரசிப் பார்க்க வேண்டும். 1834 ஆகஸ்டு 1 அன்று விடுதலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1835இல் தொடங்கிய கல்வி மானியம் அதன் உச்சத்தில் ஆண்டுக்கு 30,000 பவுண்டு. அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு அதே நாடாளுமன்றம் ஒதுக்கிய இழப்பீடு 2 கோடி பவுண்டு. வகுத்துப் பாருங்கள்: முதலாளிகளுக்குத் தந்த தொகை, அந்தக் கல்வி மானியத்தை 666 ஆண்டுகள் கொடுக்கப் போதுமானது. கல்வி மானியமோ பத்தே ஆண்டில், 1845இல் நின்றுபோனது.

தொகையைவிட நிபந்தனைதான் பள்ளிகளைக் கெடுத்தது. பணம் மக்களிடம் போகவில்லை, மதச் சங்கங்கள் வழியாகப் போனது. கட்டடச் செலவில் மூன்றில் ஒரு பங்கைச் சங்கம் முதலில் காட்ட வேண்டும், மீதியை அரசு தரும். இதனால் எங்கே சங்கத்துக்கு வசதி இருந்ததோ அங்கே பள்ளி எழுந்தது. எங்கே பிள்ளைகள் அதிகமோ அங்கே அல்ல. தொடக்கத்தில் மானியம் பெரும்பாலும் சுவருக்கும் கூரைக்கும்தான். ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பகுதிக்குத் தரலாம் என்ற தளர்வு பிறகுதான் வந்தது. கட்டி முடித்த கட்டடத்தில் பாடம் நடத்த ஆளில்லை என்ற நிலை பல இடங்களில். நிலைமையைப் பார்த்துவர சார்லஸ் லட்ரோப் என்பவரை அனுப்பினார்கள். அவருடைய அறிக்கைகள் 1830களின் இறுதியில் நாடாளுமன்றத்துக்குச் சென்றன. இந்தத் துறையில் அடிப்படை ஆவணம் அதுதான்.

மானியத்தை நிறுத்தும்போது சொன்ன காரணம், இனிக் காலனிகளின் சட்டமன்றங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது. அந்தச் சட்டமன்றங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் தோட்ட முதலாளிகள். கரும்பு வெட்ட வேண்டிய கை எழுத்தாணி பிடிப்பதை அவர்கள் எப்படி விரும்புவார்கள்? பள்ளிகள் மோசமானதற்கு அந்த மக்களின் ஆர்வக்குறைவு காரணமல்ல. விடுதலைக்குப் பிந்தைய முதல் ஆண்டுகளில் பெரியவர்களே ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்துக் கற்க வந்து உட்கார்ந்தார்கள்.

கேள்வி: எழும்பூரில் உருவான ஒரு கற்பித்தல் முறை கருப்பினப் பள்ளிகள் வரை போனது என்கிறார்களே, சரியா?
*— எழும்பூர் வாசகர்*

பதில்: சரிதான். எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்காக இருந்த அனாதை இல்லத்துக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். மூத்த பிள்ளையை வைத்து இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டதும் “மதராஸ் முறை” என்ற பெயர் நிலைத்தது. கனடாவின் நியூ பிரன்சுவிக் காலனியில் 1819இல் மதராஸ் பள்ளி வாரியம் என்றே ஓர் அமைப்பு பதிவாயிற்று. கருப்பினப் பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிகளும் அதன்கீழ் நடந்தன. நியூயார்க்கில் 1787இல் தொடங்கிய ஆப்பிரிக்க இலவசப் பள்ளியில் பின்னர் பின்பற்றியது ஜோசப் லங்காஸ்டரின் முறை. அதுவும் இதே சட்டாம்பிள்ளை ஏற்பாடுதான்.

மானியம் கொடுப்பவர்களுக்கு இந்த முறை ஏன் இவ்வளவு பிடித்தது என்பதற்கு விடை ஒன்றுதான்: மலிவு. நூறு பிள்ளைகளுக்கு ஒரே சம்பளம். ஏடு, காகிதம், மை எதுவும் வேண்டாம். எழுத்தறிவும் கூட்டல் கழித்தலும் வரும். அதற்கு மேல் போக வேண்டுமானால் சட்டாம்பிள்ளைக்கே தெரியாது. ஏழைப் பிள்ளைக்கு அது போதும் என்று தீர்மானித்தவர்கள் தங்கள் பிள்ளைகளை அந்த முறையில் படிக்க அனுப்பவில்லை.

கேள்வி: நம் சென்னையில் அன்று பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட பிள்ளைகளின் பள்ளிகளுக்கு அரசு மானியம் எந்த வழியில் வந்தது? விண்ணப்பம் முதல் பணம் வரை படிப்படியாகச் சொல்ல முடியுமா?
*— அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை, வியாசர்பாடி*

பதில்: 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைதான் நிதியுதவி பெறும் பள்ளி என்ற ஏற்பாட்டுக்கு வேர். தனியாரோ சங்கமோ பள்ளி நடத்தட்டும், அரசு ஒரு பங்கு கொடுக்கும். அதற்கு மூன்று நிபந்தனைகள்: உள்ளூரில் பொறுப்பான நிர்வாகம் இருக்க வேண்டும், அரசு ஆய்வாளர் வந்து பார்க்க ஒப்ப வேண்டும், பிள்ளைகளிடம் சிறிதளவாவது கட்டணம் வாங்க வேண்டும். மூன்றாவது நிபந்தனை யாரை வெளியே நிறுத்தும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூலி நெல்லாக வாங்கும் குடும்பத்தில் மாதக் கட்டணத்துக்குக் காசு ஏது?

நடைமுறை இப்படி. பள்ளி நடத்துபவர் தம்மை மேலாளராக அறிவித்து, வட்டாரப் பள்ளி ஆய்வாளருக்கு எழுத வேண்டும். இடம், கட்டடம், ஆசிரியரின் தகுதி, வகுப்புவாரியாகப் பிள்ளைகள் எண்ணிக்கை, சேர்க்கைப் பதிவேடு, அன்றாட வருகைப் பதிவேடு, வரவு செலவுக் கணக்கு ஆகியவை ஒழுங்காக இருந்தால் பள்ளிக்கு அங்கீகாரம். பிறகு ஆய்வாளர் வருகை. அதன் பேரில் மானியக் கணக்குத் தயாராகி, மாகாண நிதியிலிருந்தோ நகராட்சி, உள்ளாட்சி வாரிய நிதியிலிருந்தோ பணம் வரும். எல்லாமே செலவுக்குப் பிந்திய பணம். முதல் ஆண்டு முழுக்க மேலாளர் கையிலிருந்துதான் போட வேண்டும். சேரியில் பிறந்த ஒருவர் தாமே பள்ளி தொடங்கி மானியம் வாங்குவது அரிதாகவே இருந்ததற்கும், பெரும்பாலான பள்ளிகள் மிஷன்களின் கையில் இருந்ததற்கும் இதுதான் முதற்காரணம்.

இரண்டாவது இடர், தேர்ச்சிக்கேற்ற மானியம். 1860களின் பிற்பகுதியிலிருந்து மதராஸ் மாகாணத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு இந்த முறை பரவியது. ஆய்வாளர் வரும் நாளில் ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று பாடவாரியாகத் தேறினால் தலைக்கு இவ்வளவு. அன்று வராத பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆய்வு நாள் அறுவடையில் விழுந்தால் பாதிப் பிள்ளைகள் வயலில் இருப்பார்கள், ஆண்டு முழுதும் சொல்லிக்கொடுத்த உழைப்பு கணக்கில் ஏறாது. மெதுவாகப் படிக்கும் பிள்ளையை மேலாளரே கைவிடத் தூண்டும் முறை இது. 1900களின் தொடக்கத்தில் இதைக் கைவிட்டார்கள்.

மூன்றாவது, மனிதத் தடை. சாதி இந்து ஆய்வாளர்களில் பலர் சேரிக்குள் நுழையத் தயங்கினார்கள். பிள்ளைகளை வெளியே ஒரு மரத்தடிக்கு வரச்சொல்லித் தள்ளி நின்று கேள்வி கேட்பதும் உண்டு. இதைப் போக்க, அந்தச் சமூகங்களிலிருந்தே ஆசிரியர்களை உருவாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது.

திருப்பம் 1890களில் வந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி விரிவான குறிப்பு எழுதினார். அயோத்திதாசப் பண்டிதர் 1891இல் திராவிட மகாஜன சபையைக் கூட்டித் தீர்மானங்கள் போட்டார். அடுத்த ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் வேண்டும் என்று எழுப்பினார். 1893 பிப்ரவரி 1 தேதியிட்ட கல்வித் துறையின் 68ஆம் எண் அரசாணை வெளிவந்தது இந்தச் சூழலில்தான். பஞ்சமர் பள்ளிக்குப் புறம்போக்கு நிலத்தை இலவசமாகக் கொடுக்கலாம், அந்தச் சமூகத்தவர் ஆசிரியர் பயிற்சி பெற உதவித்தொகை உண்டு, பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவுப் பள்ளி நடத்தலாம் என்றெல்லாம் அது வழி திறந்தது. இரட்டைமலை சீனிவாசன் “பறையன்” இதழைத் தொடங்கியதும் அதே 1893இல்தான்.

அரசாணை வந்ததும் எல்லாம் நடந்துவிடவில்லை. புறம்போக்கில் பள்ளிக்கு இடம் அளக்கப் போனால், ஊரார் அது மேய்ச்சல் நிலம், களத்துமேடு என்று ஆட்சேபம் எழுதுவார்கள். ஆட்சேபத்தைத் தாசில்தார் விசாரிக்கும் வரை கோப்பு நகராது. ஆட்சேபம் வரும் என்று தெரிந்து, மாற்று இடம் ஒன்றையும் முதல் மனுவிலேயே குறிப்பிட்டவர்களுக்கு வேலை சற்று விரைவாக நடந்தது.

சென்னையில் நன்றாக நடந்த எடுத்துக்காட்டு வேண்டுமானால், பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாறு அருகே 1894இல் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியைச் சொல்லலாம். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அடுத்தடுத்துக் கிளைகள் வந்தன. மதம் மாற்றாமல், தமிழ் வாசிப்பு, கணக்கு, அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய சமையல், தையல் என்று பாடத்திட்டம் வைத்தார்கள். அந்த முதல் பள்ளியின் வழி வந்த ஆல்காட் நினைவுப் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் இருக்கிறது. அங்கும் முதலீடு வெளிநாட்டு நன்கொடை, அரசு மானியம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

கேள்வி: தனிப் பள்ளியே வேண்டாம், பொதுப் பள்ளியில் இடம் கொடு என்று கேட்டிருக்கக் கூடாதா? தனிப் பள்ளிக்குப் பணம் கேட்டது தவறான வழியோ என்று தோன்றுகிறது.
*— வங்கி ஊழியர், வேளச்சேரி*

பதில்: கேட்டவர்கள் இருந்தார்கள். 1856இல் தார்வார் அரசுப் பள்ளியில் சேர மகர் சமூகத்து மாணவன் ஒருவன் மனுக் கொடுத்தான். ஒருவனைச் சேர்த்தால் மற்றவர்கள் வெளியேறிவிடுவார்கள் என்று பம்பாய் அரசு கையை விரித்தது. அரசுப் பள்ளி யாவருக்கும் திறந்தது என்று கம்பெனியின் இயக்குநர்கள் லண்டனிலிருந்து எழுதினார்கள். எழுத்து ஒரு பக்கம், வாசல் மறுபக்கம்.

பாஸ்டனில் இரண்டு கோரிக்கையும் ஒரே சமூகத்திலிருந்து வந்தன. பிரின்ஸ் ஹால் என்ற கருப்பினத் தலைவர் 1787இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்திடம், வரி கட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியின் பயன் கிடைக்கவில்லை என்று மனுக் கொடுத்தார். அது பலிக்காததால் 1798இல் ஒரு வீட்டிலேயே பள்ளி தொடங்கினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, தனிப் பள்ளிக்குத் தன் மகளை அனுப்ப மறுத்து ராபர்ட்ஸ் என்ற தந்தை பாஸ்டன் நகரின் மீது வழக்குத் தொடுத்துத் தோற்றார். ஆனால் 1855இல் மாசசூசெட்ஸ் சட்டமே பள்ளியில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கனடாவின் வின்ட்சரில் 1851இல் பள்ளி தொடங்கிய மேரி ஆன் ஷாட், நிறம் பாராமல் யாரையும் சேர்ப்பேன் என்று உறுதியாக நின்றார். தனிப் பள்ளிதான் வேண்டும் என்ற மற்றக் கருப்பினத் தலைவர்களுடன் அவருக்குப் பெரிய பூசலே நடந்தது.

எங்கள் கருத்து இது: இன்று எழுத்தறியாமல் வளரும் பிள்ளைக்குப் பத்தாண்டு கழித்து வெல்லும் வழக்கு உதவாது. அதனால் தனிப் பள்ளிக்குப் பணம் கேட்ட பெற்றோரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொதுப் பள்ளியின் கதவைச் சாத்திய நிர்வாகங்களைத்தான் குற்றம் சாட்ட வேண்டும். மதராஸ் மாகாணத்தில் 1920 வாக்கில், ஒடுக்கப்பட்ட சமூகங்களின் நலனையும் கவனித்த தொழிலாளர் ஆணையரின் கீழ் தொடங்கிய பள்ளிகளே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தபோது எழுந்த விவாதமும் இதே கேள்விதான்.

கேள்வி: ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு ஏன் இடையில் நின்றது?
*— வாசகி, நுங்கம்பாக்கம்*

பதில்: எந்தக் கணக்கில் செலவு எழுதுவது என்ற தகராறில் நின்றது. 1920இல் பிட்டி தியாகராயர் முயற்சியால் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. ரூபாய்க்கு 16 அணா. நூறு பிள்ளைகளுக்கு நாளைக்கு ஆறேகால் ரூபாய், மாதத்தில் இருபது பள்ளி நாள் என்றால் 125 ரூபாய். வருகை கூடியது, திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. ஆனால் செலவைத் தொடக்கக் கல்வி நிதியில் எழுதினார்கள். அந்த நிதியை உணவுக்குச் செலவிடக் கூடாது என்று மாகாண அரசு ஆட்சேபித்தது. 1925 ஏப்ரல் 1 முதல் உணவு நின்றுவிட்டது, பின்னர் வேறு ஏற்பாட்டில்தான் மீண்டது. நல்ல திட்டம் ஒன்றுக்குப் பணம் ஒதுக்கும்போதே அதன் கணக்குத் தலைப்பு தணிக்கையைத் தாங்குமா என்று பார்த்துவிட வேண்டும். தாங்காவிட்டால் அந்த ஓட்டை பிள்ளையின் தட்டில்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் பகுதி மாநகராட்சித் தொடக்கப் பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறையும் கழிப்பறையும் தேவை. வாய்மொழியாகப் பலமுறை கேட்டுவிட்டோம். பெற்றோர் முறைப்படி எப்படிக் கேட்பது?
*— பெற்றோர், கொருக்குப்பேட்டை*

பதில்: வாய்மொழிக் கோரிக்கைக்கு அலுவலகத்தில் எண் கிடையாது, எண் இல்லாததற்குப் பதிலும் கிடையாது. பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து தொடங்குங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22ஆம் பிரிவு, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை அந்தக் குழுவுக்கே தருகிறது. உங்கள் தேவை அந்தத் திட்டத்தில் ஏறாவிட்டால், பணம் இருந்தும் உங்கள் பள்ளிக்கு வராது.

தீர்மானத்தில் “போதிய வகுப்பறை இல்லை” என்று எழுதாதீர்கள். வகுப்புவாரியாகச் சேர்க்கை எண்ணிக்கை, இருக்கும் அறைகள், ஒவ்வோர் அறையின் நீள அகலம், மாணவியர் எண்ணிக்கை, பயன்படுத்தக்கூடிய கழிப்பறைகள், தண்ணீர் வரும் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். புகைப்படத்தில் தேதி தெரியட்டும். தலைமை ஆசிரியர் கையெழுத்தும் உறுப்பினர் கையெழுத்துகளும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். தனித்தாளில் கையெழுத்து வாங்கி இணைத்தால், எதற்கு வாங்கியது என்ற கேள்வி வரும்.

நகலை வட்டாரக் கல்வி அலுவலர், மண்டல அலுவலகம், வார்டு உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் ஆகியோருக்குத் தனித்தனியே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு நிதி இருக்கிறது. வார்டு மேம்பாட்டு நிதியில் பழுது பார்க்கலாம், தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டடம் கேட்கலாம். ஒருவரிடமே எல்லாவற்றையும் கேட்டால், பெரிய மதிப்பீடு என்று மொத்தமும் தள்ளிப்போகும். கழிப்பறையைத் தனியாக, வகுப்பறையைத் தனியாகக் கேளுங்கள். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. 1835இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு வைத்த அதே விகிதம் என்பது எங்களை உறுத்துகிறது. உங்கள் பகுதியில் அந்தத் தொகையைத் திரட்ட முடியாதென்றால், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை மக்கள் பங்காகக் காட்ட முடியுமா என்று மண்டல அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

முப்பது நாளில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். இந்தத் தேதியிட்ட மனு எந்த அலுவலர் மேசையில், எந்தத் தேதி முதல் இருக்கிறது, அதன் மீது எழுதிய குறிப்புகளின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். ஹாமில்டன் பெற்றோர் செய்தது போலவே, கீழே கேட்டதற்கான சான்று கையில் இருந்தால்தான் மேலே போக முடியும்.

கேள்வி: எங்கள் தெருவில் இருக்கும் பழைய நிதியுதவிப் பள்ளியின் வரலாற்றைத் தொகுக்கிறோம். அன்றைய மானிய மனுக்கள் எங்கே கிடைக்கும்?
*— முன்னாள் மாணவர் சங்கம், சைதாப்பேட்டை*

பதில்: எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். அதற்கு முன் பள்ளியிலேயே சேர்க்கைப் பதிவேட்டையும் ஆய்வாளர் குறிப்பேட்டையும் பார்த்து, தொடங்கிய ஆண்டையும் அங்கீகாரம் கிடைத்த ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு தெரியாமல் காப்பகத்தில் நுழைந்தால் வைக்கோற்போரில் ஊசி தேடும் கதைதான். சங்கத்தின் கடிதம், அடையாளச் சான்று, ஆய்வின் நோக்கம் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றோடு அனுமதி கேளுங்கள். ஆண்டுவாரியான அகரவரிசைத் தொகுதிகளில் துறை, அரசாணை எண், தேதி மூன்றையும் எடுத்து எழுதினால்தான் கோப்பு வெளியே வரும். ஒன்று விடுபட்டாலும் சீட்டு திரும்பிவிடும்.

சைதாப்பேட்டை அன்று செங்கல்பட்டு மாவட்டம். சென்னை நகரத் தலைப்பில் தேடிக் கிடைக்கவில்லை என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். கோடம்பாக்கத்துக்கும் இதே கதி. 1922இல் ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்கும் முன்புள்ள தொகுதிகளில் பஞ்சமர், பறையர் என்ற தலைப்புகளிலும் பார்க்க வேண்டும். 1920க்குப் பிறகு சேரிப் பள்ளிக் கோப்புகள் கல்வித் துறையில் மட்டுமல்ல, தொழிலாளர் ஆணையரின் கோப்புகளிலும் இருக்கும். கோப்பு கிடைக்காவிட்டாலும் மனம் தளராதீர்கள். பொதுக் கல்வித் துறையின் ஆண்டறிக்கைகளைக் கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். மாவட்ட வாரியான பள்ளி எண்ணிக்கையையும் மானியத் தொகையையும் அவை தரும். மிஷன் பள்ளியாக இருந்தால் அந்தத் திருச்சபையின் ஆண்டறிக்கையில் ஆசிரியர் சம்பளம் வரை எழுதியிருப்பார்கள்.

படியெடுக்கும்போது கோப்பின் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஆணை முன்பக்கத்தில் இருக்கும். பெற்றோரும் மேலாளரும் எழுதிய மனு, ஆய்வாளரின் குறிப்பு, ஊராரின் ஆட்சேபம் எல்லாம் பின்னிணைப்பில் இருக்கும். மனுவின் அடியில் கையெழுத்தும் கைநாட்டும் எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளியைக் கேட்டு வாங்கியவர்களின் பெயர்கள் அங்கேதான் கிடைக்கும்.